ராமநாதபுரத்தில் ஞாயிறு நினைவாற்றல் வகுப்பு: போட்டிக்கு ஆகும், மதிப்பெண்ணுக்கு ஆகாது

ராமநாதபுரம் நகரில் ஞாயிற்றுக்கிழமை காலை வேளைகளில் நடைபெறும் ஒரு நினைவாற்றல் பயிற்சி வகுப்பைப் பற்றியது இந்த மதிப்புரை. குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் வகுப்பை நடத்துவோரின் பெயரை எழுதவில்லை. இந்த ஊரில் இருப்பவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்பது எளிதில் விளங்கிவிடும். எட்டு வாரப் பயிற்சி, கட்டணம் 4,500 ரூபாய். ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு என்று துண்டறிக்கையில் அச்சிட்டிருந்தாலும், பெரியவர்கள் கேட்டால் சேர்த்துக்கொள்கிறார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகளைச் சேர்த்தபோது நானும் கட்டணம் கட்டிப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். உலக அளவில் நடக்கும் நினைவாற்றல் போட்டிகளுக்கு ஒருவரைத் தயார்படுத்தும் பயிற்சியாக இதைப் பார்த்தால், இவ்வளவு சிறிய நகரத்தில் இவ்வளவு முறையாக ஒருவர் சொல்லித் தருவது வியப்புக்குரியது. பொதுத்தேர்வு மதிப்பெண்ணைக் கூட்டும் மருந்தாக இதை வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். அந்த இரண்டாவது பொருளைத்தான் துண்டறிக்கை விற்கிறது என்பதே என் முதல் புகார்.

நினைவாற்றல் போட்டி என்றால் என்னவென்று நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. வினாடி வினா போலிருக்கும் என்றே பெற்றோர் பலர் நினைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். இங்கே பொது அறிவுக்கு வேலையே இல்லை. எந்தப் பொருளும் இல்லாத எண் வரிசை, நன்றாகக் கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு, ஒன்றோடொன்று தொடர்பில்லாத சொற்கள், அறிமுகமில்லாத முகங்களும் பெயர்களும், ஒன்றும் சுழியும் மட்டுமே கொண்ட இரும எண்கள், கற்பனையான ஆண்டுகளும் நிகழ்ச்சிகளும், இவற்றைக் குறித்த நேரத்துக்குள் பார்த்து, நினைவிலிருந்து திரும்பத் தர வேண்டும். 1991-ஆம் ஆண்டு டோனி பூசானும் ரேமண்ட் கீனும் லண்டனில் தொடங்கிய உலக நினைவாற்றல் சாம்பியன்ஷிப்தான் இதற்கெல்லாம் மூலம். அதில் மொத்தம் பத்துப் பிரிவுகள். சில ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், சில ஒரு மணி நேரம் ஓடும். முதல் சாம்பியனான டொமினிக் ஓ'பிரையன் பின்னர் மேலும் ஏழு முறை பட்டம் வென்றார். பள்ளியில் எழுத்துகளைப் படிக்கவே திணறிய அவர், முப்பது வயதில், தொலைக்காட்சியில் க்ரைட்டன் கார்வெல்லோ என்பவர் ஒரு சீட்டுக்கட்டு முழுவதையும் மூன்று நிமிடத்துக்குள் மனனம் செய்ததைப் பார்த்த பிறகே இதில் இறங்கினார். 2002-இல் 54 கட்டுகளை, அதாவது 2,808 சீட்டுகளை, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு வரிசையாகச் சொன்னார், எட்டே பிழைகள். அமெரிக்காவின் அலெக்ஸ் மல்லன் மருத்துவம் படித்துக்கொண்டே உலகப் பட்டம் வென்றவர். ஒரு மணி நேரத்தில் 3,000-க்கும் மேற்பட்ட இலக்கங்களை மனனம் செய்த முதல் ஆளும் அவரே. கார்வெல்லோவுக்கு மூன்று நிமிடம் எடுத்த ஒரு கட்டை மங்கோலியாவின் ஷிஜிர்-எர்டெனே பாட்-என்க் 2018-இல் 12.74 நொடியில் முடித்தார். மூளை மாறி இவ்வளவு வேகம் வரவில்லை. முறைகள் கைமாறிக் கைமாறி மெருகேறின. இளம் வயதிலேயே ஆட்கள் பயிற்சியைத் தொடங்கினார்கள்.

இந்த வரலாற்றைப் பயிற்சியாளர் முதல் நாளிலேயே நன்றாகச் சொன்னார். மதுரையிலிருந்து வந்து போகிறவர் அவர். பேச்சு கொஞ்சம் அதிகம். வித்தை தெரிந்தவர் என்பதில் ஐயமில்லை. கட்டைக் கலைக்கச் சொல்லி ஒரு மாணவனிடம் கொடுத்து, வாங்கி, இரண்டு நிமிடத்துக்குள் பார்த்து முடித்து, தலைகீழ் வரிசையிலும் ஒப்பித்தார். சில ஆண்டுகளுக்கு முன்பு தமிழ்நாட்டின் பல ஊர்களில் கண்ணைக் கட்டிவிட்டு நிறங்களையும் எழுத்துகளையும் சொல்ல வைக்கும் 'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்' வகுப்புகள் பரவியிருந்தன. கட்டின் கீழ் இடுக்கு வழியே எட்டிப் பார்ப்பதற்கு அப்பால் அதில் ஒன்றும் இல்லை. அப்படி எதுவும் இங்கே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எல்லாம் வெளிப்படை. எப்படிச் செய்தார் என்பதை அடுத்த நிமிடமே கரும்பலகையில் எழுதிக் காட்டினார்.

சீட்டுக்கட்டைக் கண்டதும் முதல் நாளே ஒரு சலசலப்பு. "படிக்க அனுப்பினா சீட்டாடக் கத்துக் குடுக்கிறீங்களே சார்" என்று பெரியபட்டினத்திலிருந்து வந்திருந்த ஒரு தகப்பனார் எழுந்தே நின்றுவிட்டார். நம் ஊர்களில் சீட்டு என்றால் என்ன நினைவு வரும் என்பது தெரிந்ததுதான். அவரைக் குறை சொல்ல முடியாது. பயிற்சியாளர் பொறுமையாக விளக்கினார். 52 சீட்டு என்பது எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி கிடைப்பது, மொழி தெரிய வேண்டியதில்லை, கலைத்துப் போட்டால் முன்பே உருப்போட்டுக்கொண்டு வந்து ஏமாற்ற வழியில்லை என்று அவர் சொன்ன காரணங்கள் சரியானவை. தகப்பனார் உட்கார்ந்தார், பையனும் கடைசி வரை வந்தான்.

சீட்டுப் பிரிவு நடக்கும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்லலாம், ஏனெனில் வகுப்பில் மிகவும் ஒழுங்காக நடத்தப்பட்டது இதுதான். மேசையில் இரண்டு கட்டுகள். ஒன்று கலைத்தது; மற்றொன்று இஸ்பேடு, ஆட்டின், டைமண்ட், கிளாவர் என்று ஒழுங்காக அடுக்கியது. இரண்டு உள்ளங்கைகளையும் நேரங்காட்டியின் இரு பட்டைகளின் மேல் வைத்திருந்து எடுத்தால் கடிகாரம் ஓடத் தொடங்கும். பார்த்து முடித்துக் கட்டைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கைகளை வைத்தால் நிற்கும். பிறகு அடுக்கிய கட்டை, கலைத்த கட்டின் வரிசைக்கு மாற்ற வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம். முடிந்ததும் நடுவர் இரண்டு கட்டுகளையும் பக்கம் பக்கமாக வைத்து ஒவ்வொரு சீட்டாகத் திருப்பிக்கொண்டே போவார். எந்த இடத்தில் பொருந்தவில்லையோ அந்த இடத்தோடு கணக்கு நின்றுவிடும். முப்பதாவது சீட்டில் பிசகினால் மீதியெல்லாம் சரியாக இருந்தாலும் பயனில்லை. இந்த விதியை அவர் எந்தப் பிள்ளைக்கும் தளர்த்தவில்லை. சிலர் அழுதார்கள். தளர்த்தாததே நல்லது என்பேன்.

இதில் கடற்கரைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. காகிதச் சீட்டு நம் உப்புக்காற்றில் இரண்டு வாரம் தாங்காது. ஓரங்கள் ஊதி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பெருவிரலால் தள்ளினால் இரண்டு சீட்டாக வரும். அப்படி வந்தால் ஒரு சீட்டை நாம் பார்க்கவே இல்லை என்பது கடைசியில் நடுவர் சரிபார்க்கும்போதுதான் தெரியும். வகுப்பில் கொடுக்கும் கட்டுகள் மலிவான காகிதக் கட்டுகள். சேருகிறவர்கள் பிளாஸ்டிக் சீட்டில் இரண்டு கட்டு சொந்தமாக வாங்கிக்கொள்வது நல்லது.

அடுத்து எண்கள். வகுப்பின் மிகச் சிறந்த பகுதியும் மிகவும் குழம்பிய பகுதியும் இதுவே. எண்ணை அப்படியே மனத்தில் நிறுத்த முடியாது. ஏழெட்டு இலக்கங்களோடு எவருக்கும் நிரம்பிவிடும். ஆகவே 00 முதல் 99 வரை ஒவ்வோர் ஈரிலக்க எண்ணுக்கும் ஓர் உருவத்தை முன்கூட்டியே நிலைப்படுத்திக்கொள்கிறார்கள். அந்த உருவத்தைத் தேர்ந்தெடுக்க ஒலிகளை எண்களோடு இணைக்கும் ஓர் அட்டவணை ஐரோப்பாவில் நெடுங்காலமாக இருக்கிறது: த, ட ஒலிகளுக்கு 1, ன ஒலிக்கு 2, ம-வுக்கு 3, ர-வுக்கு 4, ல-வுக்கு 5, க-வுக்கு 7, வ-வுக்கு 8, ப-வுக்கு 9. உயிரெழுத்துகளுக்கு மதிப்பில்லை, இரட்டித்தாலும் ஓர் ஒலிதான். நமக்கும் இதைப் போன்ற ஒன்று உண்டு. கர்நாடக இசையில் மேளகர்த்தா எனும் தாய் ராகங்களின் வரிசை எண்ணை அறிய உதவும் கடபயாதி முறையில் 'ம'-வுக்கு 5, 'ய'-வுக்கு 1, ஆக 'மாயா' என்பது 51; திருப்பிப் படித்தால் மாயாமாளவகௌளை 15-ஆவது மேளம். ஆனால் அந்த முறை க-வரிசையின் நான்கு ஒலிகளுக்கும் நான்கு எண்களைத் தருகிறது. தமிழில் எழுத்து ஒன்றே என்பதால் பிள்ளைகளுக்கு அது கைகொடுக்காது. பயிற்சியாளர் ஐரோப்பிய அட்டவணையை எடுத்துக்கொண்டது சரியான முடிவு.

ஆனால் அட்டவணையை எடுத்துக்கொண்டவர் அதனோடு வந்த ஆங்கிலச் சொற்களையும் அப்படியே கொடுத்துவிட்டார். அச்சிட்ட தாளில் நூறு எண்களுக்கும் நூறு ஆங்கிலச் சொற்கள். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் முதலில் அந்தச் சொல்லை உருப்போட்டு, பிறகு அதன் பொருளை உருப்போட்டு, அதன்பின் எண்ணுக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டாம் வாரத்தில் நாங்களே தமிழில் மாற்ற ஆரம்பித்தோம். 32 என்றால் மீன். 85 வலை. 92 பனை. 94 பாரை. 37 மூக்கு. 71 கத்தி. 12 தேன். நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் வந்து முட்டிக்கொண்டது. ர, ல இரண்டும் தமிழில் சொல்லுக்கு முதலாக வருவதில்லையே. தங்கச்சிமடத்திலிருந்து வந்த ஒரு மாணவிதான் வழி கண்டுபிடித்தாள்: உயிரெழுத்துக்கு மதிப்பில்லை என்றால் உயிரில் தொடங்கும் சொல்லைப் போட்டுக்கொள்ளலாமே. 45-க்கு இறால், 47-க்கு இறகு, 57-க்கு உலக்கை, 54-க்கு அலரி என்று அந்த இரண்டு பத்துகளும் அரை மணி நேரத்தில் பெரும்பாலும் நிரம்பிவிட்டன. 'ச' மட்டும் கடைசி வரை தகராறு செய்தது. ஐரோப்பிய அட்டவணையில் ஸ ஒலிக்குச் சுழி, ச்ச ஒலிக்கு ஆறு; தமிழில் எழுத்து ஒன்றே. அது சுழிக்கா ஆறுக்கா? தனித்து வந்தால் சுழி, இரட்டித்து வந்தால் ஆறு என்று ஒரு வழியாக முடிவானது. பசு 90, பச்சை 96. இவ்வளவும் ஆன பிறகு 32854592 என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதினால், ஒரு மீன் உட்கார்ந்து வலையைப் பின்னுகிறது, ஓர் இறால் பனைமரத்தில் ஏறுகிறது, அவ்வளவுதான். மறு வாரம் கேட்டாலும் வருகிறது. பயிற்சியாளர் இதைத் தடுக்கவில்லை, பாராட்டினார். ஆனால் அடுத்த அணிக்கும் அதே ஆங்கிலத் தாளைத்தான் அச்சடித்து வைத்திருக்கிறார். 4,500 ரூபாய் வாங்குகிறவர் தமிழ்த் தாள் ஒன்றைத் தயாரித்திருக்கலாம்.

உருவங்கள் இருந்தால் போதாது, அவற்றை வரிசையாக வைக்க இடம் வேண்டும். போட்டியாளர்கள் எல்லோரும் சொல்லும் 'மெமரி பேலஸ்' இதுதான்: நன்கு பழகிய வீடு, தெரு, கோயில் ஒன்றை மனத்துக்குள் நடந்து சென்று, ஒவ்வோர் இடத்திலும் ஓர் உருவத்தை வைத்துவிட்டு, திரும்ப வேண்டியபோது அதே வழியில் நடந்து எடுத்துக்கொள்வது. முறை பழைய கிரேக்கம், ரோம் வரை போகிறது. இந்தப் பாடத்தில் பயிற்சியாளர் உற்சாகமாக ஒன்றைச் சொன்னார்: உலகத்திலேயே பெரிய மெமரி பேலஸ் நம் மாவட்டத்தில் இருக்கிறது, ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரம், 1,212 தூண்கள், ஒவ்வொரு தூணிலும் ஓர் உருவத்தை வையுங்கள், 1,212 உருவங்கள். கைதட்டல் எழுந்தது. எனக்குக் கை தட்டத் தோன்றவில்லை. அந்தப் பிரகாரத்தின் அழகே தூண்கள் எல்லாம் ஒன்றுபோல் இருந்து கண்ணுக்கு எட்டாத தொலைவில் போய்க் கூடுவதில்தான் இருக்கிறது. நினைவுக்கு இடம் தேடுகிறவனுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. நாற்பதாவது தூணுக்கும் நாற்பத்தொன்றாவது தூணுக்கும் என்ன வேறுபாடு? இந்த முறையை விளக்கும் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள லத்தீன் நூலொன்றும், தூண்களுக்கு இடைப்பட்ட இடங்களைப் பலவாக எடுத்துக்கொண்டால் ஒன்றை ஒன்று ஒத்திருப்பதால் எதில் எதை வைத்தோம் என்பது குழம்பிவிடும் என்று எச்சரிக்கிறது. அன்று தூண்களில் பயிற்சி செய்தவர்களின் விடைத்தாள்கள் அதைத்தான் காட்டின. உருவம் நினைவிருந்தது, வரிசை போய்விட்டது.

அதே கோயிலில் பொருத்தமான வழி ஒன்று இருக்கிறது. மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும் 22 தீர்த்தங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி இடம். ஒன்று குளம், மற்றவை பெரும்பாலும் கிணறு. வாளி தலைக்கு மேல் கவிழும் ஒவ்வோர் இடமும் உடம்புக்கே நினைவிருக்கும். ஈரத்துணியோடு இந்த வரிசையில் நடந்த எந்த உள்ளூர்க்காரரும் அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளத் தேவையில்லை. அக்கா மகள் இதைத்தான் எடுத்துக்கொண்டாள். ஓர் இடத்துக்கு இரண்டு உருவம், ஓர் உருவத்துக்கு இரண்டு இலக்கம் என்று 88 இலக்கங்கள் ஒரே சுற்றில் அடங்குகின்றன. கோயிலுக்குப் போகாத பிள்ளைகள் பேருந்து வழியை எடுத்துக்கொண்டார்கள்: உச்சிப்புளி, பிரப்பன்வலசை, வேதாளை, மண்டபம், பாம்பன், அக்காள்மடம், தங்கச்சிமடம். தினமும் போய்வருகிறவனுக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான்கு கடைகளாவது தனித்தனியாகத் தெரியும். ராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்களை ஒருமுறை பயிற்சியாளரே அழைத்துச் சென்று காட்டியிருந்தால் இன்னும் சிறப்பாக இருந்திருக்கும். வகுப்பிலிருந்து நடந்து போகும் தொலைவில், ஓவியத்துக்கு ஓவியம் காட்சி மாறும் ஓர் உண்மையான அரண்மனை இருக்கிறது.

இப்போது துண்டறிக்கைக்கு வருகிறேன். 'போட்டோகிராபிக் மெமரி', 'வலது மூளையைத் திறக்கும் பயிற்சி', 'மதிப்பெண் உயர்வு உறுதி' என்று மூன்று வாக்குறுதிகள் அதில் இருக்கின்றன. வகுப்புக்குள் பயிற்சியாளர் சொல்லித் தந்தது எதுவும் இந்த மூன்றையும் ஆதரிக்கவில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் எலினார் மக்வயரும் அவருடைய குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், உலக அளவில் முன்னணியில் இருந்த நினைவாற்றல் வல்லுநர் பத்துப் பேரின் மூளையைப் படமெடுத்துச் சாதாரண மனிதர்களோடு ஒப்பிட்டார்கள். அறிவுத்திறனிலோ மூளையின் அமைப்பிலோ வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. மனனம் செய்யும்போது இடங்களையும் வழிகளையும் அறியப் பயன்படும் பகுதிகள் அவர்களுக்குக் கூடுதலாக இயங்கின, பத்துப் பேரில் ஒன்பது பேர் 'மெமரி பேலஸ்' எனும் இட வரிசை முறையைக் கையாண்டிருந்தார்கள். 2017-இல் மார்ட்டின் டிரெஸ்லர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. பயிற்சியே இல்லாதவர்களுக்கு நாள்தோறும் அரை மணி நேரம், ஆறு வாரம் இட வரிசை முறையில் பயிற்சி கொடுத்தார்கள். முதலில் 72 சொற்களில் ஏறத்தாழ 26 முதல் 30 வரை நினைவுகூர்ந்தவர்கள், பயிற்சிக்குப் பின் சராசரியாக 35 சொற்கள் கூடுதலாகச் சொன்னார்கள். நான்கு மாதம் கழித்தும் பலனில் பெரும்பகுதி எஞ்சியிருந்தது. ஆக, எட்டு வாரத்தில் ஒரு பிள்ளை முன்னேறும் என்பது நம்பத்தக்க கூற்று. அந்தக் கூற்றோடு நிறுத்திக்கொண்டிருந்தால் சண்டையே இல்லை.

முன்னேற்றம் எதில் என்பதுதான் கேள்வி. 1980-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆண்டர்ஸ் எரிக்சனும் வில்லியம் சேஸும் ஒரு கல்லூரி மாணவரோடு செய்து வெளியிட்ட சோதனையைப் பெற்றோர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். தொடக்கத்தில் எல்லோரையும் போல ஏழு இலக்கங்களை நினைவில் வைத்த அந்த மாணவர், ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக 200 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்து, ஒருமுறை காதால் கேட்ட 79 இலக்கங்களைத் திரும்பச் சொல்லும் அளவுக்கு வந்தார். ஓட்டப்பந்தய வீரரான அவர் எண்களை ஓட்ட நேரங்களாக மாற்றிக்கொண்டிருந்தார். எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தார்கள். ஆறில் வந்து நின்றது. எண்களில் வளர்ந்த திறமை பக்கத்து வீட்டுக்குக்கூடப் போகவில்லை. எட்டு வாரம் சீட்டுக்கட்டு பழகிய மாணவிக்கு முக்கோணவியல் தானாகப் புரிந்துவிடும் என்பதற்கு இடமே இல்லை. பட்டியலாக மனனம் செய்ய வேண்டியவற்றுக்கு, வரிசை எண்ணோடு நினைவில் நிற்க வேண்டிய அரசியலமைப்புச் சட்டப் பிரிவுகள், தனிமங்களின் வரிசை, வரலாற்று ஆண்டுகள் ஆகியவற்றுக்கு, இந்த முறை மெய்யாகவே உதவுகிறது. டிஎன்பிஎஸ்சி எழுதும் இருவர் வகுப்பில் இருந்தார்கள், அவர்களுக்குக் கொடுத்த காசு வீணில்லை. "இதுல சேத்தா கணக்குல மார்க் ஏறுமா சார்?" என்று ஒரு தாய் நேராகவே கேட்டபோது, பயிற்சியாளர் "தன்னம்பிக்கை ஏறும்மா, அதுல எல்லாம் ஏறும்" என்றார். கேள்விக்கு அது பதில் இல்லை. நான் கணக்கு ஆசிரியன். எனக்குத் தெரியும், ஏறாது.

இன்னொரு குறை, இந்த மண்ணிலேயே இருந்த மரபை அவர் கண்டுகொள்ளாதது. சேதுபதி அவைப் புலவரான சரவணப்பெருமாள் கவிராயர் அட்டாவதானி, அதாவது ஒரே நேரத்தில் எட்டுக் காரியங்களில் கவனம் வைப்பவர், என்றே பெயர் பெற்றவர். நாஞ்சில் நாட்டின் செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களுக்கு ஒரே அமர்வில் ஈடுகொடுத்துச் சதாவதானம் செய்தார். கேட்ட ஈற்றடிக்கு வெண்பா முடிப்பது, இடையிடையே ஒலிக்கும் மணியை எண்ணி வைப்பது, முதுகில் விழும் கல்லையும் பூவையும் கணக்கிடுவது, சதுரங்கத்தில் காய் நகர்த்துவது, எல்லாவற்றையும் பேச்சு அறாமல் நடத்திக் கடைசியில் கணக்குகளை ஒப்படைப்பது என்று அது வேறொரு வகை வித்தை. இன்றைய போட்டியாளர் காதை அடைத்துக்கொண்டு ஒன்றையே பார்க்கிறார். அவதானி இரைச்சலின் நடுவே பலவற்றைப் பிடித்து வைத்திருக்கிறார். எது கடினம் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், ஆனால் நினைவாற்றல் வகுப்பு ஒன்று ராமநாதபுரத்தில் நடக்கும்போது அவதானம் என்ற சொல்லே எட்டு வாரமும் காதில் விழவில்லை என்பது பெரிய விடுபாடு. வகுப்பில் கீழக்கரை மாணவன் ஒருவன் இருந்தான். குர்ஆனின் 6,236 வசனங்களையும் மனனமாக ஓதி முடித்த ஹாபிஸ். எண்களில் எல்லோரையும் போலத் தடுமாறினான். சொற்பட்டியலில் மட்டும் உருவம் எதுவும் கட்டாமல், உதட்டுக்குள் ஒரு ராகத்தோடு இருமுறை ஓட்டி, இருபது சொற்களை அப்படியே ஒப்பித்தான். பயிற்சியாளர் அவனை முறைக்கு மாறச் சொல்லி வற்புறுத்தினார். பல ஆண்டுகள் காதால் பழகிய ஒருவனை வைத்துக்கொண்டு, ஓசையால் நிற்கும் நினைவுக்கும் உருவத்தால் நிற்கும் நினைவுக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்புக்கே காட்டியிருக்கலாம்.

வசதிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மாடியில் ஓர் அறை, போதுமான மின்விசிறிகள், மின்தடை வந்தால் கீழ்க்கடையின் ஜெனரேட்டர் சத்தம். அதை "போட்டியிலும் இரைச்சல் இருக்கும்" என்று சொல்லிச் சமாளித்தார், பாதி உண்மை. தண்ணீர் மட்டும் மன்னிக்க முடியாதது. ஒரே ஒரு கேன், பத்தரை மணிக்கெல்லாம் காலி, வெளியே கோடை வெயில். புதுச்சேரியில் பொறியியல் படித்துக்கொண்டே 2025-இல் மெமரி லீக் என்ற நினைவாற்றல் போட்டியின் உலகப் பட்டத்தை வென்ற விஷ்வா ராஜகுமார், போட்டிக்கு முன் நிறையத் தண்ணீர் குடிப்பது முக்கியம், மனத்துக்குள் சொல்லிக்கொள்ளும் குரல் தெளிவாக இருக்கத் தொண்டை தெளிவாக இருக்க வேண்டும் என்று செய்தியாளர்களிடம் சொன்னதைப் பயிற்சியாளரே மேற்கோள் காட்டினார், காலி கேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

விஷ்வாவின் பெயர் வந்ததால், வகுப்பு முடிந்தபின் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடலாம். எட்டு வாரத்துக்குப் பிறகு இவர்களிடம் தொடர் பயிற்சி எதுவுமில்லை; கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நேரடிப் போட்டிகளுக்குப் போவது நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு எளிதல்ல. ஆனால் மெமரி லீக் இணையத்திலேயே நடப்பது. 80 இலக்கங்கள், 52 சீட்டுகள், 50 சொற்கள், 30 படங்கள், 30 பெயர்கள் என்று பிரிவுகள்; ஒவ்வொன்றுக்கும் மனனம் செய்ய அதிகபட்சம் ஒரு நிமிடம், திரும்பச் சொல்ல நான்கு நிமிடம். எதிராளி எந்த நாட்டிலும் இருக்கலாம். அந்த 80 இலக்கங்களை விஷ்வா 13.50 நொடியில் முடித்தார். ஓர் இலக்கத்துக்கு ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்குதான். அக்கா மகள் இப்போது வீட்டில் மடிக்கணினியில் அதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறாள். ஒரு நிமிடத்தில் 40 இலக்கங்கள் பிழையின்றி வருகின்றன. இந்த வகுப்பு இல்லாமல் அவள் அங்கே போயிருக்க மாட்டாள். அந்த அளவுக்குக் கட்டணம் செரித்துவிட்டது என்றே கருதுகிறேன்.

சேர நினைப்பவர்களுக்கு: அடுத்த அணி பள்ளி விடுமுறையோடு தொடங்குவதாகச் சொல்கிறார்கள். முதல் நாள் இலவசம். போய்ப் பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம், முழுத்தொகையையும் ஒரே தவணையில் கேட்டால் இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஆண்டில் இருக்கும் பிள்ளையைத் தேர்வுக்காக மட்டும் சேர்க்க வேண்டாம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விளையாட்டாகச் சேர்க்கலாம். ஆங்கிலத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு முதல் வாரத்திலேயே தமிழ் உருவங்களை எழுதத் தொடங்கிவிடுங்கள். தூண்கள் வேண்டாம். இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டு போங்கள்.